ஓராண்டு அனுமதி

ஜனவரி 8, திங்கள்

மடத்தில் தினமும் மாலை கால் மணி நேரம் ஆன்ம சோதனை. அன்று செய்த குற்றம் என்ன, எத்தனை முறை செய்தேன், இரண்டையும் நோட்டில் எழுத வேண்டும். ஒன்பது வருடம் எழுதிய கை இப்போது சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் இந்த நோட்டு. குற்றம்தான் எழுத வேண்டும் என்று இனிமேல் கட்டாயம் இல்லை.

நிலவரத்தை முதலில் எழுதிவிடுகிறேன். பெயர் ஜெசிந்தா. வயது முப்பத்தொன்று. கம்ப்யூட்டர் சயின்ஸில் பி.எஸ்ஸி. முடித்த வருடமே கன்னியர் மடத்தில் சேர்ந்தேன். கடைசி நான்கு வருடம் வயதான சகோதரிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. போன ஜூலையில் ஓராண்டு வெளியே இருக்க அனுமதி வாங்கிக்கொண்டு மடிப்பாக்கத்தில் இன்னாசி அண்ணன் வீட்டுக்கு வந்தேன். ஜூன் முப்பதுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். திரும்பிப் போய் மறுபடி துறவற வார்த்தைப்பாடு கொடுக்கலாம், அல்லது கையெழுத்துப் போட்டு மொத்தமாக விலகலாம்.

ஆறு மாதத்தை வெங்காயம் உரித்தே கழித்துவிட்டேன். நேற்று அண்ணன் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "வேல கெடச்சா நின்னுக்க ஜெசி. கெடைக்கலன்னா திரும்பிப் போயிரு. ரெண்டுங்கெட்டானா இங்க உக்காந்திருந்தா அப்பாவால திண்டுக்கல்ல தல நிமிந்து நடக்க முடியல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

திரும்பிப் போக எனக்கு மனம் இல்லை. ஏன் என்று அண்ணன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜனவரி 12, வெள்ளி

மூன்று பயிற்சி நிலையங்களில் இலவச டெமோ வகுப்பு பார்த்தாயிற்று. ரோஸ்லின் அண்ணியும் கூட வந்தார். பக்கத்து வீட்டாரிடம் என்னை மஸ்கட்டில் நர்சாக இருந்துவிட்டு வந்தவள் என்று சொல்லி வைத்திருப்பதால், போகும் வழியெல்லாம் மஸ்கட்டில் வெயில் எப்படி இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொடுத்துக்கொண்டு வந்தார். இதெல்லாம் தேவையா அண்ணி என்றேன். உனக்கென்ன, தெரு வாட்ஸாப் குரூப்பில் இருப்பவள் நான்தானே என்றார்.

முதல் இடத்தில் டேட்டா சயின்ஸ். கண்ணாடி அறை, ஏ.சி., சாக்லேட். கவுன்சிலர் பெண் என் வயதைக் கேட்டதும் சிரிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள். இரண்டாவது இடத்தில் வெப்சைட் முழுவதையும் நாமே கட்டக் கற்றுத்தருவார்களாம். ஆசிரியர் முக்கால் மணி நேரம் தாமதம், வந்தவுடன் பாதி நேரம் தன் சம்பளத்தைப் பற்றியே பேசினார்.

மூன்றாவது இடம் வேளச்சேரியில் ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே. சாஃப்ட்வேர் டெஸ்டிங். நிரஞ்சன் என்று ஒரு பையன் பாடம் எடுத்தான், இருபத்தைந்து வயதுதான் இருக்கும். ஒரு பஸ் டிக்கெட் பக்கத்தைத் திறந்து, பயணியின் வயது என்ற இடத்தில் மைனஸ் நான்கு என்று அடித்தான். டிக்கெட் வந்துவிட்டது. "பொறக்கறதுக்கு நாலு வருஷம் முன்னாடியே இவருக்கு ஜன்னல் சீட்டு" என்றான். ப்ரோக்ராம் எழுதிய ஆள் தன் வேலையில் குற்றம் பார்க்க மாட்டான், பார்க்க வேறு ஒருவர் வேண்டும், அதற்குத்தான் சம்பளம் என்றான்.

இறங்கி வரும்போதே இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். அண்ணி, "குத்தம் கண்டுபிடிக்கிறதுன்னா உனக்குச் சொல்லியா குடுக்கணும்" என்றார். நேற்று ரசத்தில் உப்பு அதிகம் என்று சொல்லியிருந்தேன். அதிகம்தான்.

ஜனவரி 22, திங்கள்

வகுப்பு தொடங்கியது. பதினான்கு பேர். எல்லாரும் என்னை அக்கா என்கிறார்கள், நிரஞ்சன் சார் உட்பட. என்னைவிட ஆறு வயது சின்னவனை நான் சார் என்கிறேன்.

அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னபோது மஸ்கட் கதையை நான் சொல்லவில்லை. ஒன்பது வருடம் கன்னியர் மடத்தில் இருந்தேன் என்று பட்டென்று சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெண்ணிலா, செய்யாறுப் பெண், பி.காம்., "அப்ப உங்க முன்னாடி கெட்ட வார்த்த பேசலாமா அக்கா" என்று கேட்டாள். அளவாகப் பேசு என்றேன்.

எனக்குப் பொய் வராது. அது ஒன்றுதான் நான் மடத்திலிருந்து கொண்டுவந்த சொத்து.

பிப்ரவரி 2, வெள்ளி

இன்று பக் ரிப்போர்ட் எழுதும் பாடம். ஒரு பிழையைக் கண்டால் என்ன பிழை, எந்தப் பக்கத்தில், என்னென்ன செய்தபோது வந்தது, எத்தனை முறை செய்து பார்த்ததில் எத்தனை முறை வந்தது என்று எழுத வேண்டும். மற்றவர்கள் "பட்டன் வேலை செய்யவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நான் ஐந்து முறை அழுத்தி, மூன்றாவதும் ஐந்தாவதும் மட்டும் தவறியதை எழுதிக் கொடுத்தேன்.

நிரஞ்சன் சார் அதை எல்லாருக்கும் திரையில் காட்டினார். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் அப்படித்தான் சொல்ல வேண்டும் சார், பாவத்தின் வகையையும் எண்ணிக்கையையும் மறைக்காமல் சொன்னால்தான் செல்லும், பாதி சொன்னால் சொல்லாத கணக்குதான் என்றேன். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்காமல் போர்டில் அதை எழுதிவைத்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் சந்தோஷமாக இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு.

பிப்ரவரி 14, புதன்

விபூதிப் புதன். நெற்றியில் சாம்பலோடு வகுப்புக்குப் போனேன். வெண்ணிலா துடைத்துவிட வந்தாள்.

பிப்ரவரி 20, செவ்வாய்

ஆளுக்கு நாற்பது டெஸ்ட் கேஸ். ஒவ்வொன்றையும் செய்து பார்த்து பாஸ் அல்லது ஃபெயில் என்று தாளில் குறிக்க வேண்டும். வெண்ணிலா பதினைந்து நிமிடத்தில் நாற்பதுக்கும் பாஸ் போட்டுக் கொடுத்துவிட்டாள். நிரஞ்சன் சார் அதில் ஒன்றைச் செய்து பார்த்தார். பக்கமே திறக்கவில்லை.

அவர் குரலை உயர்த்துகிறவர் இல்லை. இன்று உயர்த்தினார். "தப்பா செஞ்சா கத்துக் குடுக்கலாம். செய்யாமலே டிக் போட்டா என்ன பண்றது? அந்த டிக்க நம்பி இன்னொருத்தன் அடுத்த வேலையச் செய்வான். அவன் தலையில போய் விடியும்" என்றார்.

வெண்ணிலா அழுதாள். நான் வெளியே போய்க் கை கழுவிக்கொண்டு வந்தேன். கை வியர்த்திருந்தது. அங்கே ஏ.சி. சரியாக வேலை செய்வதில்லை.

மார்ச் 5, செவ்வாய்

மாதிரி நேர்முகத் தேர்வு. நிரஞ்சன் சார் கம்பெனி ஆள் போல எதிரே உட்கார்ந்துகொண்டார். டெஸ்டிங் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். கடைசியில் உங்கள் பலவீனம் என்ன என்று கேட்டார்.

நான் முழங்காலில்தான் நிற்கவில்லை. மற்றபடி அப்படியே சொன்னேன். கோபம், வாரத்துக்கு மூன்று முறையாவது. பிறர் சமையலைக் குறை சொல்வது, தினமும். பொறாமை, நினைவு தெரிந்து நான்கு முறை. சோம்பல். ஜெபத்தில் பராக்கு. என்னைப் பற்றிப் பெருமை. ஆறாவதோடு நிறுத்தினேன். ஏழாவது ஒன்று இருந்தது, அது நாக்கு நுனி வரை வந்துவிட்டுப் போயிற்று.

மொத்த வகுப்பும் கண்ணில் நீர் வரச் சிரித்தது. அது பாவம் கேட்கிற கேள்வி இல்லை அக்கா என்றார் சார். அளவுக்கு மேல் உழைக்கிறேன், அதுதான் என் பலவீனம் என்று சொல்ல வேண்டுமாம். அது பலவீனமா என்றேன். இல்லை, ஆனால் அதுதான் பதில் என்றார்.

மார்ச் 12, செவ்வாய்

ரெஸ்யூம் தயாரிப்பு. நிலையத்தை நடத்துகிற அம்மாள் என்னைத் தனியாக அறைக்குக் கூப்பிட்டார். புதிதாகப் படித்தவர்களை யாரும் எடுப்பதில்லையாம். என் வயதுக்கும் ஒன்பது வருட இடைவெளிக்கும் அழைப்பே வராதாம். மூன்று வருட அனுபவம் என்று போட்டுவிடலாம், கம்பெனி பெயர், சம்பளச் சீட்டு, விசாரித்தால் போனில் பதில் சொல்ல ஆள் எல்லாம் ஏற்பாடு இருக்கிறது, இந்தப் பகுதியில் எல்லாரும் செய்வதுதான் என்றார். அன்பாகத்தான் சொன்னார். தண்ணீர் கூடக் கொடுத்தார்.

முடியாது என்றேன். இருந்தது மடத்தில், செய்தது முதியோர் பராமரிப்பு, அதையேதான் போடுவேன் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வெளியே வந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வெண்ணிலா ஒத்துக்கொண்டுவிட்டாளாம். அவள் அப்பா லாரி ஓட்டுகிறார், தங்கை இரண்டு பேர். அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் நான் அப்படிப்பட்டவள் இல்லை.

அண்ணனிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ஜூன் முப்பதை ஞாபகம் வைத்துக்கொள் என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 29

பெரிய வெள்ளி. ஒருசந்தி, ஒரு வேளைதான் சாப்பாடு. இதுவரை அனுப்பியது அறுபத்திரண்டு விண்ணப்பம். பதில் வந்தது இரண்டு, இரண்டும் இல்லை என்று.

ஏப்ரல் 16, செவ்வாய்

வெண்ணிலாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. செய்யாத மூன்று வருட வேலையைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினாளாம். வகுப்புக்கு லட்டு கொண்டுவந்தாள். எனக்கு ஒன்று கூடுதலாகக் கொடுத்தாள். தின்றேன். பொறாமையோடுதான். ஐந்தாவது முறை.

ஏப்ரல் 24, புதன்

பெருங்குடியில் ஒரு கம்பெனியில் நேரில் கூப்பிட்டார்கள். கேள்வி கேட்ட பெண் என் ரெஸ்யூமைப் பார்த்துவிட்டு, ஒன்பது வருஷம் உள்ளே இருந்தீர்களே, அங்கே அப்படி என்னதான் செய்வீர்கள் என்று கேட்டாள். ஜெயிலைப் பற்றிக் கேட்கிற மாதிரி இருந்தது. படுக்கையில் கிடக்கிற பதினோரு பேரைக் குளிப்பாட்டுவேன், வேளைக்கு மருந்து கொடுப்பேன், இன்சுலின் போடுவேன், மருந்துச் சார்ட்டில் குறிப்பேன் என்றேன். அதெல்லாம் இங்கே உதவாதே என்றாள்.

பஸ்ஸில் உட்கார்ந்து போனில் உள்ள பெயர்களை மேலும் கீழும் தள்ளிக்கொண்டு வந்தேன். மொனிக்காவின் நம்பர் இன்னும் இருக்கிறது. மடத்தில் என்னோடு வேலை செய்த நவதுறவி, வார்த்தைப்பாடு கொடுக்காமல் பயிற்சியில் இருந்த பெண். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒன்றரை வருடம் ஆகிறது. அழிக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.

மே 9, வியாழன்

கந்தன்சாவடியில் ஒரு கம்பெனி. மருத்துவமனைகளுக்கு சாஃப்ட்வேர் செய்கிறார்கள். டெஸ்டிங் மேனேஜர் பத்மநாபன், நாற்பத்தைந்து வயது இருக்கும், அரைக்கைச் சட்டை, மேஜைமேல் ஃபிளாஸ்க். ரெஸ்யூமில் மடம் என்று இருந்ததைப் பார்த்து அவர் புருவத்தைத் தூக்கவில்லை.

ஒரு நோயாளியின் மருந்துப் பக்கத்தைத் திரையில் காட்டி, என்ன தப்பு வரலாம் என்று கேட்டார். ஒரே மருந்தை இரண்டு பேர் இரண்டு முறை கொடுத்துவிடலாம், முதல் ஆள் கொடுத்ததைக் குறிக்க மறந்தால் இந்தப் பக்கம் எச்சரிக்காது என்றேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எப்படித் தோன்றியது என்றார். சும்மா தோன்றியது என்றேன்.

கடைசிக் கேள்வி. "வேலையில நீங்க செஞ்ச பெரிய தப்பு ஒண்ணு சொல்லுங்க. என்ன கத்துக்கிட்டீங்க?"

நிரஞ்சன் சார் சொல்லிக்கொடுத்த பதில் தயாராக இருந்தது. வாய் வேறு ஒன்றைச் சொல்லிற்று. லூர்து சிஸ்டர் என்று எண்பத்தாறு வயதுச் சகோதரி. ஒரு நாள் காலை ஏழே காலுக்கு அவருக்கு இன்சுலின் போட்டேன். வாசலில் காய்கறி வண்டி வந்துவிட்டது, கூப்பிட்டார்கள், ஓடினேன். சார்ட்டில் குறிக்க மறந்துவிட்டேன். கட்டம் காலியாக இருந்ததைப் பார்த்து அடுத்து வந்த பெண் இன்னொரு முறை போட்டுவிட்டாள். சர்க்கரை இறங்கி சிஸ்டர் மயங்கிவிட்டார். ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் யாரையும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. செய்ததை அந்த நிமிடமே குறிக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டேன்.

அவர் ஃபிளாஸ்க்கை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, "பதினெட்டு வருஷமா இந்தக் கேள்வியக் கேக்கறேன். ஒருத்தர்கூட நெஜமான தப்பச் சொன்னதில்ல. இவ்ளோ உண்மையாப் பேசற ஆளு எனக்கு வேணும்" என்றார்.

மே 13, திங்கள்

ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. ஜூன் மூன்றாம் தேதி சேர வேண்டும். முன்பு இருந்த இடத்தில் விசாரித்து நல்ல பதில் வந்தால்தான் வேலை நிலைக்கும் என்று கீழே ஒரு வரி. மடத்து மதர் ஆக்னெஸ் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.

அண்ணன் பிரியாணி வாங்கிவந்தார். அப்பா போனில் ஆறு மாதத்துக்குப் பிறகு என்னோடு பேசினார், கம்பெனி பெயரை இரண்டு முறை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். அண்ணி பக்கத்து வீட்டில் போய், மஸ்கட் அனுபவத்தைப் பார்த்துத்தான் எடுத்தார்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

மே 14, செவ்வாய்

நேற்று எழுத விட்டுப்போனது. விட்டுப்போகவில்லை, விட்டேன்.

பத்மநாபன் சாரிடம் சொன்னது பாதி. மீதி இது. லூர்து சிஸ்டரை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று மத்தியானம் அவருடைய தம்பி மகன், வக்கீல், வருகிறான் என்று தெரிந்தது. சார்ட்டைக் கேட்பான். மதர் ஆக்னெஸ் என்னை அறைக்குக் கூப்பிட்டார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு பேனாவை எடுத்துக் கையில் கொடுத்து, நீ போட்டது உண்மைதானே, உண்மையைத்தானே குறிக்கிறாய், டிக் போட்டுவிடு என்றார். ஏழே கால் கட்டத்தில் டிக் போட்டு, என் பெயரின் முதல் எழுத்தையும் போட்டேன்.

சாயங்காலம் எல்லாரையும் கூட்டி விசாரித்தார்கள். கட்டம் காலியாக இருந்தது என்று, இரண்டாவது ஊசி போட்ட மொனிக்கா சொன்னாள். சார்ட்டை அவள் முன்னால் வைத்தார்கள். டிக் இருந்தது. அவள் சார்ட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஜெபமாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குறித்திருந்ததைப் பார்க்காமல் ஊசி போட்டாள், கேட்டால் பொய்யும் சொல்கிறாள் என்று ஐந்தாம் நாள் அவள் ஊரான ஆண்டிபட்டிக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. பெட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட்டது நான்தான்.

இதை எந்தச் சாமியாரிடமும் நான் சொன்னதில்லை. எனக்குப் பொய் வராது என்று இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 3, திங்கள்

வேலையில் சேர்ந்தேன். அடையாள அட்டை, அதற்கு நீல நாடா. லேப்டாப். பாஸ்வேர்டில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறி எல்லாம் வேண்டுமாம், ஐந்தாவது முயற்சியில் ஏற்றுக்கொண்டது. மத்தியானம் கேன்டீனில் எலுமிச்சைச் சாதம். எங்கள் குழுவில் ஆறு பேர். பத்மநாபன் சார் என்னை அறிமுகப்படுத்தும்போது அந்த இன்டர்வியூக் கதையையும் சொன்னார். இவங்க சொன்னா கண்ண மூடிக்கிட்டு நம்பலாம் என்றார். அவர்கள் கைதட்டினார்கள். உட்கார இடம் தேடினேன்.

ஜூன் 11, செவ்வாய்

மதர் ஆக்னெஸ் போன் செய்தார். கம்பெனியிலிருந்து கேட்டிருந்தார்களாம், நல்லபடியாக எழுதி அனுப்பிவிட்டாராம். உண்மையும் கீழ்ப்படிதலும் உள்ளவள் என்று எழுதினேன் என்றார். நன்றி மதர் என்றேன். மொனிக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். புது வாழ்க்கை ஆரம்பிக்கிறாய், நல்லதை நினைத்துக்கொள் என்றார். அவர் கெட்டவர் இல்லை. என்னைக் காப்பாற்றுவதாகத்தான் அன்றும் நினைத்தார்.

ஜூன் 15, சனி

மொனிக்காவைக் கூப்பிட்டேன். மூன்றாவது முறைதான் எடுத்தாள். பின்னால் மெஷின் சத்தம். மில்லில் வேலை பார்க்கிறாள், ஷிஃப்ட் முடிந்து வாசலில் பஸ்ஸுக்கு நிற்கிறாள்.

அவளை நர்சிங் படிக்க வைப்பதாக மடத்தில் சொல்லியிருந்தார்கள். வெளியே வந்த பிறகு அவளே ஒரு நர்சிங் பள்ளிக்குப் போனாளாம். முன்பு எங்கே இருந்தாய் என்று கேட்டு மடத்துக்கு எழுதினார்கள், வந்த பதிலைப் படித்துவிட்டு இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இதைக் கதை சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். பிறகு எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டாள்.

சொன்னேன். ஏழே கால், கட்டம், மத்தியானம், பேனா, டிக். ஒன்றையும் விடவில்லை.

"இத எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க சிஸ்டர்?" என்றாள். "கட்டம் காலியா இருந்தத நாந்தான கண்ணால பாத்தேன். எனக்குத் தெரியாததையா சொல்றீங்க? தெரியாதவங்ககிட்டச் சொல்லுங்க."

பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள்.

ஜூன் 18, செவ்வாய்

மதர் ஆக்னெஸுக்கும் மேலே இருக்கிற மாகாணத் தலைவிக்குக் கடிதம் எழுதினேன். ஒரே பக்கம். நடந்ததை நடந்த வரிசையில். மொனிக்காவின் மேல் எந்தத் தவறும் இல்லை, அதை எழுத்தில் அவளுக்கும் அந்த நர்சிங் பள்ளிக்கும் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டேன். டிக் போடச் சொன்னது மதர் என்பதையும் எழுதினேன், போட்டது என் கை என்பதையும் எழுதினேன். நான் திரும்பி வரப்போவதில்லை என்பது கடைசி வரி.

அனுப்புவதற்கு முன் அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். இதுவரை அவருக்கு எதுவும் தெரியாது. கேட்டுவிட்டு ரொம்ப நேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். "ஒன்றர வருஷம் தூங்கின மனசாட்சி, வேல கெடச்சப்புறந்தான் முழிச்சுதாக்கும்" என்றார். வேலை போய்விடும் என்பது தெரிகிறதா என்றும் கேட்டார். நல்ல பதில் எழுதியவரையே பொய் சொன்னவர் என்று எழுதிவிட்டு அந்தப் பதிலை வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியாது என்பது எனக்குத் தெரியும். தெரிகிறது என்றேன்.

அண்ணன் சொன்னது நியாயம்தான். வேலை இல்லாதபோது சொல்லியிருந்தால் இழக்க ஒன்றும் இருந்திருக்காது.

ஜூன் 19, புதன்

காலையில் தபால் ஆபீஸ், பதிவுத் தபால். நகலை மொனிக்காவுக்கும் அனுப்பினேன். பத்து மணிக்கு பத்மநாபன் சாரிடம் போய், இன்டர்வியூவில் சொன்ன கதையில் மீதி இருக்கிறது சார் என்றேன். கதவைச் சாத்தச் சொன்னார். கேட்டார். இந்தத் தடவை நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவில்லை. வெரிஃபிகேஷன் முடியும் வரை வேலையைப் பாருங்கள் என்றார்.

மத்தியானம் முப்பத்தொரு டெஸ்ட் கேஸ் செய்தேன். ஒன்பது ஃபெயில்.

ஜூன் 29, சனி

நாளையோடு அனுமதி முடிகிறது. நேற்று எச்.ஆர். பெண் கூப்பிட்டாள். மதர் ஆக்னெஸ் தன் பதிலைத் திரும்பப் பெற்றுக்கொண்டாராம். ஒரு பதில் திரும்பிப் போய் அவர்கள் பார்த்ததே இல்லையாம், என்ன செய்வது என்று மேலே கேட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை பத்து மணிக்கு பத்மநாபன் சாரும் அவளும் என்னோடு பேச வேண்டுமாம். லேப்டாப்பைக் கொண்டு வாருங்கள் என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. அண்ணன் கேட்டார், சொன்னேன். பயமாக இருக்கிறது.

இன்று பதினொரு மணிக்கு மொனிக்கா கூப்பிட்டாள். அவளாகக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

"மடத்துல இருந்து லெட்டர் வந்துச்சு. எம்மேல தப்பு இல்லன்னு எழுதி, சீல் வெச்சு அனுப்பியிருக்காங்க. எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, வாசிச்சுக் காட்டினேன். முடிச்சதும் மறுபடி வாசிக்கச் சொன்னாங்க. மறுபடியும் வாசிச்சேன்." என்றாள். "ஒன்றர வருஷமா அம்மா எங்கிட்ட மாத்திர வாங்கிச் சாப்பிட மாட்டாங்க, சிஸ்டர். அவங்களே எடுத்துக்குவாங்க. இன்னிக்குக் காலையில கைய நீட்டினாங்க."

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.